கல் காயும் நேரம்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஏழு பேர். என் தம்பி எவாரிஸ்தோ மெங்கோனி, சிற்பி. என் கணவர் பெல்லெக்ரீனோ, மேல் குவாரியில் தலைமை மேஸ்திரி. பட்டறையில் லேஸ், முடி, பூ வேலைகளைச் செய்யும் தர்க்வீனியோ. மெருகு போடும் பெரியவர் ஜெலிந்தோ. லிவோர்னோவிலிருந்து வந்த தானிய வியாபாரி பர்சாந்தி. அவர் கையோடு கூட்டி வந்த கட்டட மேஸ்திரி ஓர்லாந்தி. ஏழாவது ஆள் நான், கொரின்னா. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாக எங்கள் ஊர் கர்ராராவில் இதுவரை இருபது பேராவது சொல்லியிருக்கிறார்கள். கல்லும் களிமண் தொட்டியும் போக, அந்தப் பட்டறையில் இருபது பேர் நிற்க இடம் கிடையாது.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றாம் வருடம், அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. ஓர்லாந்தி ஏணியில் ஏறி, ஒரு வாளித் தண்ணீரைக் கடற்பஞ்சில் முக்கி முக்கிச் சிலையின் தலையிலிருந்து பாதம்வரை பிழிந்துவிட்டு இறங்கியிருந்தார். நாங்கள் கல் காய்வதற்காகக் காத்திருந்தோம். நனைந்த பளிங்கு சாம்பல் நிறமாகும். காயும்போது மறுபடி வெளுக்கும். எங்காவது விரிசல் இருந்தால், மற்ற இடமெல்லாம் வெளுத்த பிறகும் அது மட்டும் பென்சிலால் இழுத்த கோடுபோல ஈரமாக நிற்கும். குவாரியில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எங்கள் பக்கத்தில் பாதிரியார் சொல்லை நம்பாதவர்கள் உண்டு, தண்ணீர் சொல்வதை நம்பாதவர்கள் இல்லை.

நடந்ததை ஐந்து நாள் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

அந்தச் சிலை பர்சாந்தியின் மகள் லாவீனியா. பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்தவள். வெளியே போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்குள் வந்தவள்போல, ஒரு கையுறையைப் பாதி கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும் என்று தகப்பனார் கேட்டிருந்தார். இறக்கை வைத்த தேவதை வேண்டாம், வானத்தைப் பார்க்க வேண்டாம், வீட்டுக்கு வந்தவள்போல இருந்தால் போதும் என்றார். எவாரிஸ்தோவிடம் இருந்தவை ஒரு புகைப்படம், இறந்த அன்று முகத்தில் எடுத்த சுண்ண அச்சு, அவள் போட்டிருந்த இடது கையுறை. கையுறையை மேசைமேல் வைத்துக்கொண்டு நான்கு மாதம் களிமண்ணில் செய்தான். பிறகு அதைச் சுண்ணத்தில் வார்த்து, அளவுச் சட்டத்தால் புள்ளி புள்ளியாக அளந்து, ஆட்களை வைத்துக் கல்லில் இறக்கினான். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். ரோமில் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்தவன் என்பதால் அவனே முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை கொத்துவான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். அவன் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் தோல் தெரியும் இடத்தில் வேறு ஒருவர் கை படக்கூடாது. முகம், கழுத்து, கை. அவற்றின் கடைசி நெல்லளவு கல்லை அவன்தான் எடுப்பான். அந்த வேலை நடக்கும் நாட்களில் பன்றிக் கொழுப்பு வைத்த ரொட்டியைத் தொடமாட்டான், விரலில் இருக்கும் நெய் கல்லில் இறங்கிவிடும் என்று. நான் கொண்டுபோகும் சாப்பாட்டில் அவனுக்கு மட்டும் அவித்த கஷ்கொட்டை, அதையும் முள்கரண்டியால் குத்தித் தின்பான். தர்க்வீனியோ அவனை "கன்னியாஸ்திரி" என்று கூப்பிடுவான், முகத்துக்கு நேராகவே.

சனிக்கிழமை மத்தியானம் நான் கூடையோடு உள்ளே போனபோது மூன்று பேரும் வேலை செய்யாமல் நின்றுகொண்டிருந்தார்கள். எவாரிஸ்தோ அரத்தைக் கீழே வைத்திருந்தான். சிலையின் கழுத்தில், தாடைக்குக் கீழே இடது பக்கம், மூன்று விரல் நீளத்துக்கு ஒரு கோடு. கருஞ்சாம்பல் நிறம். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன்.

"துடைச்சுப் பாருங்க மேஸ்திரி, தூசியா இருக்கும்," என்றார் ஜெலிந்தோ.

"நாப்பது வருஷமா மெருகு போடுறீங்க. தூசி எது, கல்லுக்குள்ள ஓடுற நரம்பு எதுன்னு இன்னும் தெரியலையா பெரியவரே?" என்றான் தர்க்வீனியோ. "ஒரு ரிப்பன் கட்டிவிட்டா அழகா மறைஞ்சிடும். ஆனா ரிப்பனுக்குக் கல்லை மூணு மாசம் முன்னாடியே விட்டு வச்சிருக்கணும். இப்ப எங்க போறது?"

எவாரிஸ்தோ அரத்தை மறுபடி எடுத்தான். கல்லில் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். குறைத்துப் பார்த்தான். அரத்தை நான்கு முறை இழுத்தான். கோடு இன்னும் தெளிவானது. அதற்குமேல் குறைத்தால் கழுத்து வாத்துக் கழுத்தாகிவிடும். அரத்தை வைத்துவிட்டுத் தொட்டியில் போய்க் கை கழுவினான்.

அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தவர் என் கணவர். குவாரியில் ஐந்து கட்டிகளில் அதைக் காட்டி, நான்கு மூலையிலும் சுத்தியலால் தட்டி, மணிபோல ஒலிக்கிறது என்று கேட்டு எடுத்தார். பர்சாந்தி முதல்முறை வந்தபோது எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்போது அவரிடம், "இந்தக் கல்லுக்குள்ள ஒண்ணும் கிடையாது. பால் மாதிரி. நான் சொல்றேன்," என்றார். பெல்லெக்ரீனோ அதிகம் பேசுகிறவர் அல்ல. அவர் "நான் சொல்றேன்" என்றால் கப்பல்காரர்களே கல்லைப் பார்க்காமல் ஏற்றுவார்கள். ஒப்பந்தத்தில் எவாரிஸ்தோவும் ஒரே கல், ஒட்டு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். இப்போது பத்தொன்பது வயதில் இறந்த ஒரு பெண்ணின் கழுத்தில் கறுப்புக் கோடு. காய்ச்சலா, கயிறா என்று லிவோர்னோ மறுநாளே பேச ஆரம்பிக்கும். வியாழக்கிழமை தகப்பனார் வருகிறார்.

அன்று மாலை குவாரியிலிருந்து இறங்கி வந்த என் கணவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் சிலையின் கழுத்திலிருந்த கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"நான் தட்டிப் பார்த்தேன்," என்றார்.

"தட்டினா விரிசல் இருந்தாத்தான் தெரியும் மச்சான்," என்றான் எவாரிஸ்தோ. "நிறம் எப்படித் தெரியும்? உங்க மேல தப்பில்ல."

"நான் சுத்தம்னு சொன்னேன்."



ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். பீன்ஸ் சூப்பும் ரொட்டியும். நான் முடிவு பண்ணித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ஒட்டுப் போட்டுடு," என்றேன்.

எவாரிஸ்தோ கரண்டியை வைத்தான். "ஒட்டு இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கேன் அக்கா."

"எழுதினது உன் கை. சொன்னது உன் மச்சானோட வாய். இருபத்தாறு வருஷமா இந்த மலையில அந்த வாய்க்கு ஒரு மதிப்பு இருக்கு."

"மறைக்கச் சொல்றீங்க."

"வீட்டு விஷயத்தைத் தெருவுல வைக்காதேன்னு சொல்றேன். அந்தாளு பொண்ணைப் பறிகொடுத்தவரு. கழுத்துல கோடு போட்ட பொம்மையை அவர் முன்னாடி நிறுத்தி, கல்லு அப்படித்தான்னு சொல்லப் போறியா? அவருக்கு அது ஆறுதலா இருக்குமா?"

அவன் என் கணவரைப் பார்த்தான். அவர் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்தாறு வருடமாக அப்படி எடுத்துக்கொண்டது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

திங்களும் செவ்வாயும் எவாரிஸ்தோ கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தான். கோட்டின் வழியே ஒரு விரல் ஆழத்துக்கு, நிறம் முற்றிலும் போகும்வரை, ஆப்புபோல வெட்டி எடுத்தான். அதே கட்டியின் அடிப்பக்கத்திலிருந்து அறுத்து விழுந்த துண்டுகளில் கல்மணிகள் ஓடும் போக்கு ஒத்துப்போகிற ஒன்றைத் தேடி, எட்டுத் துண்டுகளை வீணாக்கி, ஒன்பதாவதை இழைத்து உள்ளே இறக்கினான். பைன் மரப் பிசினும் மெழுகும் பளிங்குத் தூளும் சேர்த்துக் காய்ச்சி ஒட்டினான். இணைப்பு வெளியே தெரியும் விளிம்பை, தலை திரும்பும்போது கழுத்தில் விழுகிற இயற்கையான மடிப்புக்குள் கொண்டுபோய் முடித்தான். புதன்கிழமை ஜெலிந்தோ மெருகு போட்டார். மத்தியானம் நான் போய்ப் பார்த்தேன். எங்கே என்று தெரிந்தும் எனக்குக் கண்ணில் படவில்லை. தர்க்வீனியோ என் பக்கத்தில் வந்து நின்று, "இந்த ஊர்ல இதுவரைக்கும் இப்படி ஒரு ஒட்டு யாரும் போட்டதில்ல. யாருகிட்டயும் சொல்லவும் முடியாது. என்ன பொழப்பு," என்றான்.

என் கணவர் அந்த மூன்று நாளும் பட்டறைப் பக்கம் வரவில்லை. மேல் குவாரியில் பெரிய கட்டி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுப் போட்டாகிவிட்டது என்று நான் சொன்னேன், தலையை ஆட்டினார். எப்படிப் போட்டது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இனி வியாழக்கிழமை.

பர்சாந்தி உள்ளே வந்து சிலையைப் பார்த்ததும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், பெண்கள் இருக்கிற அறைக்குள் நுழைந்தவர்போல. கொஞ்ச நேரம் கழித்து, "மூக்கு அவளோடது. எங்க அம்மாவோடதும்," என்றார். அவ்வளவுதான் பாராட்டு. பிறகு ஓர்லாந்தி வாளி கேட்டார். பர்சாந்திக்கு அது பிடிக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. இவரு எதையும் நனைச்சுப் பாக்காம விடமாட்டாரு. கல்யாணத்தன்னிக்குப் பொண்டாட்டியையும் நனைச்சுத்தான் பாத்திருப்பாரு," என்றார். ஓர்லாந்தி சிரிக்காமல் ஏணியில் ஏறினார்.

பளிங்கு ஒரே சீராகக் காய்வதில்லை. மெலிந்த இடங்கள் முதலில் வெளுக்கும். விரல் நுனிகள், மூக்கு, காது மடல். பிறகு நெற்றி, தோள். லேஸின் துளைகளிலும் பாவாடை மடிப்புகளிலும் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். கழுத்து தாடையின் நிழலில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அங்கே எட்டவில்லை. யாரும் உட்காரவில்லை. தூரத்தில் வெடி வைக்கப்போகிறார்கள் என்று கொம்பு ஊதினார்கள், பிறகு வெடித்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.  தர்க்வீனியோ நகத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தான். எவாரிஸ்தோவின் முகத்தில் கவலை இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிசின் தண்ணீர் குடிக்காது. விரிசல் குடிக்கும், நல்ல ஒட்டு குடிக்காது. பட்டறைக்காரர்களுக்கு அது தெரியும். என் கணவர் குவாரிக்காரர். நாற்பது வருடம் மலையில் அப்போதுதான் வெட்டிய பச்சைக் கல்லை நனைத்துப் பார்த்தவர். அங்கே தண்ணீர் எதையும் காட்டிக்கொடுக்காமல் விடுவதில்லை.

பர்சாந்தி கோதுமை விலையைப் பற்றிப் பேசினார். பிறகு மகள் எந்தக் கையுறை ஜோடியிலும் ஒன்றைத் தொலைத்துவிடுவாள் என்று சொன்னார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்ன பிறகு நான் மத்த நாலு கல்லையும் பாக்கவே இல்ல, தெரியுமா? வீட்டுல எல்லாரும் சண்டை போட்டாங்க, இன்னொருத்தரைக் கேக்காம எப்படின்னு. அந்த மனுசன் சொல்லிட்டாரு, போதும்னேன்."

கழுத்து இன்னும் சாம்பல் நிறமாக இருந்தது. என் கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கழுத்துல ஒட்டு இருக்குங்க," என்றார். "இடது பக்கம், மடிப்புல. உள்ள நரம்பு ஓடிச்சு. கல்லு சுத்தம்னு நான் சொன்னது தப்பு."

 நான் அவரைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தேன். எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது, கையளவு, பிறகு விரலளவு, பிறகு இல்லை. கழுத்து முழுக்க ஒரே வெள்ளை. ஓர்லாந்தி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, நகத்தால் மடிப்பு நெடுக இழுத்துப் பார்த்தார்.

"எங்க?" என்றார்.

"மச்சான்," என்றான் எவாரிஸ்தோ. குரலை உயர்த்தவில்லை. "காஞ்சிடுச்சு."

என் கணவர் சிலையைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார்.

எவாரிஸ்தோவே ஏணியில் ஏறி, ஓர்லாந்தியின் விரலைப் பிடித்து இணைப்பின்மேல் வைத்துக் காட்டினான். அதற்குப் பிறகும் அந்த ஆள் நம்பிக்கை இல்லாமல்தான் இறங்கினார்.

"மறைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார் பர்சாந்தி.

"நான்தான். வேற யாரு," என்றான் எவாரிஸ்தோ.

சொன்னது நான். ரொட்டிக் கூடையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். மெங்கோனி வீட்டுப் பெண் ஒருத்தி வெளியூர்க்காரர் முன்னால் இப்படி ஒரு காரியத்தை ஒப்புக்கொள்வதா என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. என் தம்பி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது.

பர்சாந்தி சிலையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முன்னால் வந்து நின்று, பாதி கழன்ற கையுறையைத் தொட்டார்.

"இவ என் பொண்ணு. இவளை இங்க விட்டுட்டுப் போக என்னால முடியாது," என்றார். "பேசினதுல ஒரு லிராகூடக் குறைக்கல. ஆனா எழுதிக் குடுத்துட்டு ஏமாத்தினவன் பேரு அவ காலடியில இருக்கக்கூடாது. எடுத்துடுங்க."

பெயர் பீடத்தின் முன்பக்க மூலையில் இருந்தது. எவாரிஸ்தோ மெங்கோனி, கர்ராரா, வருடம். எங்கள் அப்பா மலையிலிருந்து கல்லிறக்கும் சறுக்குவண்டிக்குக் கயிறு பிடித்தவர். கையெழுத்து கேட்டால் சிலுவைக் குறி போடுவார். எங்கள் வம்சத்தில் கல்லில் பெயர் வெட்டிய முதல் ஆள் என் தம்பி. அவன் ரோமிலிருந்து திரும்பி முதல் சிலையில் பெயர் வெட்டிய அன்று, அப்பா அந்த எழுத்துகளை விரலால் தடவி எது எந்த எழுத்து என்று கேட்டுக்கொண்டார். இப்போது எவாரிஸ்தோ தட்டை உளியை எடுத்துக்கொண்டு தரையில் முட்டி போட்டான். எழுத்து ஆழமாக வெட்டப்பட்டிருந்ததால் மேலோட்டமாக இழைத்தால் போகாது. அந்த இடத்தையே குடைந்து எடுக்க வேண்டியிருந்தது. தர்க்வீனியோ அவன் கையிலிருந்து சுத்தியலை வாங்க வந்தான். "விடு. கல்லு என்னோடது," என்றான் என் தம்பி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி விழுந்தது. அதையும் அரத்தால் வழவழப்பாக்கி, ஜெலிந்தோவைக் கூப்பிட்டு மெருகு போடச் சொன்னான். செய்வது எதுவானாலும் அரைகுறையாக விடமாட்டான்.

என் கணவர் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் குவாரிக்குப் போனார். அவரை வேலையை விட்டு எடுப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. அடுத்த வருடம் ஜெனோவாவிலிருந்தும் மார்செயிலிருந்தும் வந்தவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். சொந்த மச்சானுக்காகக்கூடப் பொய் சொல்லாத ஆள் என்று. கூலிக்காரர்கள் மட்டும் கேலி பண்ணினார்கள். அவர் எதையாவது சொல்ல ஆரம்பித்தால், "மேஸ்திரி, பொறுங்க, கல்லு இன்னும் காயல," என்பார்கள். அவர் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. கோபப்பட்டதாகவும் இல்லை. எவாரிஸ்தோவுக்கு அதற்குப் பிறகு லிவோர்னோவிலிருந்து வேலை வரவில்லை. கடல் கடந்து போகும் கோயில்களுக்குப் புனிதர்களையும் தேவதைகளையும் டஜன் கணக்கில் செய்தான். அவற்றில் யாரும் பெயர் வெட்டச் சொல்வதில்லை. ஐம்பத்தொன்பது வயதில் மார்புச்சளியில் இறந்தான். அதுவரை ஒரு ஞாயிறுகூட எங்கள் மேசைக்கு வராமல் இருந்ததில்லை.

அவன் அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒருமுறை. ஏழெட்டு வருடம் கழித்து, சாப்பாட்டுக்கு நடுவில், உப்பைக் கேட்பதுபோலக் கேட்டான்.

"பிசின் தண்ணி குடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா மச்சான்?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

என் கணவர் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டார். அது ஊறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல," என்றார்.

எவாரிஸ்தோ கிண்ணத்தை என் பக்கம் நீட்டினான். நான் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

தம்பியும் கணவரும் இறந்த பிறகு, சென்ற வசந்தத்தில் நான் லிவோர்னோவுக்குப் போய் அந்தச் சிலையைப் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தில் வளைவுகளுக்குக் கீழே நிற்கிறாள். கழுத்து நன்றாக இருக்கிறது. பீடத்தின் மூலையில் இருக்கும் குழிக்குள் யாரோ ஒரு மெழுகுவர்த்தித் துண்டை வைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் வந்து குனிந்து, அந்தக் குழியைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டு போனார்கள். காவல்காரனிடம் கேட்டேன். பெண்ணின் தாய் பதினோரு வருடம் நாள் தவறாமல் வந்து அங்கே முட்டி போட்டு அழுதாள், முழங்கால் பட்டுப் பட்டுக் கல் தேய்ந்துவிட்டது என்றான். வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

அது உண்மை அல்ல. லாவீனியாவின் தாய் அவளைப் பெற்ற வாரத்திலேயே இறந்துபோனவர். அந்தக் குழி உளியால் வெட்டியது. வெட்டியவன் எவாரிஸ்தோ மெங்கோனி. கால் மணி நேரம் ஆனது.